ராணிகளைப் பற்றிக் கதை எழுதுவோர் கேட்கும் கேள்விகள்: சிவகங்கைச் சீமையை வைத்துச் சில பதில்கள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் வரலாற்று நாவல் எழுத உட்காருகிற பத்துப் பேரில் பெரும்பாலோர் வேலு நாச்சியாரில்தான் தொடங்குகிறார்கள். மண் அப்படி. மற்றவர்கள் சோழ அரசியரிடம் போகிறார்கள். கேள்விகள் மட்டும் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றே.

கதைதானே? ஏன் இவ்வளவு கறார்?

கதைதான். ஆனால் அட்டையில் ஒரு நிஜமான பெண்ணின் பெயரைப் போட்டுத்தான் விற்கிறோம். பெயரைக் கடன் வாங்கினால் அவர் வாழ்ந்த ஆண்டும் ஊரும் உறவும் சேர்ந்தே வரும். அது வேண்டாமென்றால் பெயரை மாற்றி, கற்பனை நாடு ஒன்றை வைத்துக்கொண்டு எழுதலாம். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

நடைமுறை விதி இதுதான்: சான்று பேசுகிற இடத்தில் நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சான்று மௌனமாக இருக்கிற இடம் நம்முடையது. அரசகுலப் பெண்கள் விஷயத்தில் அந்த மௌனம் ஏராளம். கற்பனைக்கு இடமில்லை என்று குறைப்படவே வேண்டாம்.

வேலு நாச்சியார் கதையில் எவற்றை அசைக்கக் கூடாது?

1730-ல் ராமநாதபுரம் சேதுபதி குடும்பத்தில் பிறப்பு. சிவகங்கை முத்து வடுகநாதத் தேவருடன் திருமணம். 1772 ஜூன் 25 அன்று காளையார்கோவிலில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் ஆற்காட்டு நவாபின் படையும் தாக்கியதில் கணவர் மரணம். மகள் வெள்ளச்சியோடும் பிரதானி (முதன்மை மந்திரி) தாண்டவராய பிள்ளையோடும் மருது சகோதரர்களோடும் திண்டுக்கல் பக்கத்து விருப்பாச்சிக்குப் போனது. ஹைதர் அலியின் ஆதரவு. 1780-ல் சீமையை மீட்டது. 1796 டிசம்பர் 25-ல் மறைவு.

இதில் கணக்குப் போட்டுப் பாருங்கள். கணவர் இறக்கும்போது அவருக்கு வயது 42. திரும்பி வரும்போது 50. அட்டைப்படத்திலோ இருபது வயதுப் பெண் குதிரையில் பாய்கிறாள். ஓவியரிடம் வயதைச் சொல்லாமல் விட்டால் இதுதான் நடக்கும். ஐம்பது வயதில் எட்டு வருஷ அலைச்சலுக்குப் பிறகு ஊர் திரும்புகிற ஒரு தாயின் முகம், இருபது வயது முகத்தைவிட எழுதத் தகுந்தது என்பது எங்கள் எண்ணம்.

காளையார்கோவிலிலிருந்து தப்பும் காட்சியை எழுதுகிறேன். பௌர்ணமி நிலவு, கொட்டும் மழை என்று வைக்கலாமா?

இரண்டுமே தவறு. 1772 ஜூன் 25 வியாழக்கிழமை. நந்தன வருஷம், ஆனி மாதம். தேய்பிறைக் காலம், அமாவாசைக்குச் சுமார் 5 நாள் முன்பு. அன்றிரவு நிலா எழும்போது 2 மணி தாண்டியிருக்கும், அதுவும் மெல்லிய கீற்றாக. முன்னிரவு முழுக்க இருட்டு. ஒளிந்து போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இரவு கிடைக்காது. அந்த இருட்டை விட்டுவிட்டு நிலாவைப் பூசுவது கைக்கு வந்த காட்சியைத் தூக்கிப் போடுவதுதான்.

மழையும் அப்படித்தான். இந்தச் சீமைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். ஆனியில் கண்மாய்கள் வற்றி, உள்வாயில் வெடிப்பு விட்டிருக்கும். காற்று மேற்கிலிருந்து புழுதியோடு வரும். கண்மாயில் நீந்தித் தப்பினார் என்று எழுதாதீர்கள். வற்றிய கண்மாய்க்குள் நடந்தால் காலடித் தடம் பதியும், அதை வைத்து ஒரு பதற்றத்தை உண்டாக்கலாம்.

அடுத்தது, போன திசை. நாச்சியார் ஏன் பிறந்த வீடான ராமநாதபுரத்துக்கு ஓடவில்லை? நாவல்களில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. காரணம் எளிது. அதே ஜூன் மாதத் தொடக்கத்தில்தான் ராமநாதபுரம் கோட்டை கம்பெனி, நவாப் படைகளிடம் விழுந்தது. சிறுவர் முத்துராமலிங்க சேதுபதியும் அவர் தாய் முத்துத்திருவாயி நாச்சியாரும் திருச்சிராப்பள்ளியில் சிறை. ஆக, புகுந்த வீடு போன அன்று பிறந்த வீடும் இல்லை. கிழக்கே கடலோரம் எதிரி, தெற்கே எதிரி. மீதி வடமேற்கு. அங்கே விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் இருந்தார். திண்டுக்கல் கோட்டை ஹைதர் அலி வசம் இருந்தது. இந்த இரண்டு விழுதலையும் ஒரே அத்தியாயத்தில் வைத்தாலே நாச்சியாரின் நிலைமை விளங்கிவிடும், வசனம் தேவையில்லை.

தூரம்: சிவகங்கையிலிருந்து மதுரை, திண்டுக்கல் வழியாக விருப்பாச்சி ஏறத்தாழ 150 கி.மீ. பல்லக்கு ஒரு நாளில் 30 கி.மீ. போனால் அதிகம். மாட்டு வண்டி அதற்கும் குறைவு. பெருவழியை ஒதுக்கிக் காட்டுப் பாதையில், இரவில் மட்டும் நடந்தால் ஒரு வாரத்துக்கு மேலாகும். "விடிவதற்குள் விருப்பாச்சி சேர்ந்தார்கள்" என்ற வரி எங்கே இருந்தாலும் அடித்துவிடுங்கள்.

காட்டை எப்படி வர்ணிப்பது?

இன்று சிவகங்கை மாவட்டத்தில் திரும்பின பக்கமெல்லாம் தெரிகிற சீமைக் கருவேலத்தை முதலில் பிடுங்குங்கள். அது மெக்சிகோப் பக்கத்து மரம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இந்த நாட்டுக்கு வந்தது, இங்கே பரவியது அதற்கும் வெகு பின்னால். 1772-ல் இருந்தவை நாட்டுக் கருவேலம், வெள்வேல், உடை, பனை, புளி, ஆல். காளையார்கோவிலைச் சுற்றி அடர்ந்த காடு இருந்ததைக் கம்பெனிப் படையினரே புலம்பி எழுதியிருக்கிறார்கள். கொடுக்காப்புளியும் சீத்தாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 18-ஆம் நூற்றாண்டுக் கதையில் இருக்கலாம், சோழர் கதையில் கூடாது.

செட்டிநாட்டு வீடுகளை அரண்மனையாகக் காட்டலாமா? படமெடுக்க வசதியாக இருக்கிறதே.

வசதிதான், அதனால்தான் இந்தத் தவறு ஓயாமல் நடக்கிறது. கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் வீடுகளில் நாம் வாய் பிளந்து பார்க்கிற பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலியச் சலவைக்கல் எல்லாம் கடல் கடந்த வட்டிக்கடைப் பணத்தில் வந்தவை. கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது 1852-ல். நகரத்தார் அங்கே பெருவாரியாகத் தொழில் செய்தது அதற்குப் பிறகு. வேலு நாச்சியார் மறைந்து அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது.

ஆத்தங்குடிக் கல் இன்னும் மோசம். கண்ணாடிப் பலகைமேல் சாயக் கலவையும் சிமெண்டும் ஊற்றிச் செய்வது அது. போர்ட்லண்ட் சிமெண்டுக்கே இங்கிலாந்தில் 1824-ல்தான் காப்புரிமை வாங்கினார்கள். பூப்போட்ட ஆத்தங்குடித் தரையில் ராணி கால் வைத்தால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

அப்படியானால் எது சரி? சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர், கருங்கல் தூண், செங்கல் வளைவு, மண் அல்லது சுண்ணாம்புத் தளம். 1687-ல் எழுந்த திருமயம் கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. சிவகங்கை அரண்மனை இருக்கிறது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீளும் நகரத்தார் வீட்டை, 1900-க்குப் பிந்திய ஒரு ஜமீன் கதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கச்சிதமாகப் பொருந்தும்.

அடுக்களையில் எங்கே சறுக்குகிறார்கள்?

மிளகாயில். போர்ச்சுகீசியர் வந்தபின் பரவிய பொருள் அது. ராஜராஜ சோழனின் அக்கா குந்தவை வீட்டுக் குழம்பில் காரத்துக்கு மிளகுதான். வேலு நாச்சியார் காலத்தில் மிளகாய் இருக்கலாம், ஆனால் தக்காளி ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் வேண்டாம். நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி, அன்னாசி, புகையிலை ஆகிய எதுவும் சோழர் காலத்தில் இல்லை. எந்தக் காலத்துக்கும் கவலையில்லாமல் வைக்கக்கூடியவை புளி, மிளகு, சீரகம், இஞ்சி, மஞ்சள், தயிர், நெய், வெல்லம், வெற்றிலை பாக்கு.

எப்படி அழைப்பது? "மகாராணி" சரியா?

சீமையில் "நாச்சியார்" என்பதே மரியாதை. அரண்மனைப் பணியாளர் வாயில் அதுவே வரட்டும். தாண்டவராய பிள்ளை "பிரதானி". அவரை "மந்திரி" என்று மற்றவர் சொல்லலாம், "அமைச்சரே!" என்றால் மேடை நாடக வாடை அடிக்கும். வேலு நாச்சியாரை ஜமீன்தாரிணி என்று எழுதுவது பிழை. சிவகங்கை ஜமீனானது 1801-க்குப் பிந்திய ஏற்பாடு.

சோழர் காலத்தில் கல்வெட்டே வழி காட்டும். அரசி "நம்பிராட்டியார்". அரசனுக்கு நெருக்கமான பெண் "அனுக்கியார்": திருவாரூரில் முதலாம் ராஜேந்திரனுக்கு அப்படிப்பட்டவர் பரவை நங்கை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் தன் கொடைகளைச் சொல்லும்போது "நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று வரிசைப்படுத்துகிறான். தனக்கு அடுத்து அக்கா, அதற்குப் பிறகே மனைவியர். அந்த வீட்டில் யார் சொல் எடுபட்டது என்பதைக் கல்லே சொல்லிவிட்டது. குந்தவைக்குக் கம்பீர வசனம் எழுதத் தெரியாமல் திணறுபவர்கள் இந்த ஒரு வரியைப் பத்து முறை வாய்விட்டுப் படிக்கலாம்.

குயிலி நிஜமா? உடையாள்?

இந்தக் கேள்வியைக் கேட்டாலே சிலருக்குக் கோபம் வருகிறது. ஆயுதக் கிடங்கில் தன் உடலுக்குத் தீ வைத்துக்கொண்டு பாய்ந்த குயிலியின் கதை வாய்மொழி மரபிலும் பிற்கால எழுத்துகளிலும் நிற்பது. நாச்சியார் போன வழியைச் சொல்ல மறுத்து வெட்டுப்பட்ட உடையாளின் கதை கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலோடு பிணைந்தது. நாச்சியார் அங்கே தன் தாலியைக் காணிக்கையாக்கினார் என்பதும் அந்த மரபே. கம்பெனிக் கடிதம் ஒரு வகைச் சான்று, கோயில் மரபு இன்னொரு வகை. இரண்டையும் ஒரே தட்டில் போட்டு நிறுக்க முடியாது.

நாவலில் இருவரையும் தாராளமாக வைக்கலாம். தேதி, நேரம், "ஆவணங்கள் கூறுகின்றன" என்ற தோரணை ஆகியவற்றை மட்டும் அவர்களுக்கு ஒட்டாதீர்கள். பின்னுரையில் "இவ்விருவரும் மக்கள் மரபிலிருந்து" என்று ஒரு வரி போதும். அதனால் அவர்கள் பெருமை குறையாது. இல்லாத ஆவணத்தைக் காட்டி மாட்டிக்கொண்டால்தான் அந்தப் பெண்களின் பெயரும் சேர்ந்து அடிபடும்.

இதற்கு நேர் எதிர் வகை ஒன்றும் உண்டு, முழுக் கற்பனை. 'பொன்னியின் செல்வன்' நந்தினி கல்கி படைத்தவள், குந்தவை கல்வெட்டில் இருப்பவள். இன்று பலருக்கு நந்தினியே அதிக நிஜம். எழுத்து வென்றுவிட்டால் இப்படி ஆகும். பின்னுரை இதற்காகவும்தான்.

ஆவணக் காப்பகத்தில் தேடினேன். வேலு நாச்சியார் என்ற பெயரே வரவில்லை.

வராது. கம்பெனிக்காரர் அப்படி எழுதவில்லை. அவர்களுக்கு ராமநாதபுரம் "கிரேட் மறவா", சிவகங்கை "லிட்டில் மறவா". ஆட்சியாளரை நாலுக்கோட்டை என்ற ஊர்ப்பெயரைச் சிதைத்து "நால்கூட்டி பாலிகர்" (பாளையக்காரர்) என்பார்கள். நாச்சியார் அநேகமாக "ராணி" அல்லது "விதவை"யாக வருவார். ஆகவே தேட வேண்டியது சீமையின் பெயர், தளபதிகளான ஜோசப் ஸ்மித், பான்ஜோர் ஆகியோரின் பெயர், பிறகு தேதி.

இடம், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். தொகுதி, இராணுவ ஆலோசனைக் குறிப்புகள். 1772 மே முதல் டிசம்பர் வரை முதலில் புரட்டுங்கள். ஹைதர் அலியிடம் 5000 குதிரை வீரரும் 5000 காலாட்களும் கேட்டுத் தாண்டவராய பிள்ளை எழுதிய கடிதம் அந்த டிசம்பரைச் சேர்ந்தது. ஒரு நாவலாசிரியருக்கு அந்த எண்ணிக்கையே பொக்கிஷம்: நாச்சியார் தரப்பு எவ்வளவு தேவை என்று கணித்தது என்பது அதில் இருக்கிறது. எட்டு வருஷம் ஏன் ஆயிற்று என்பதற்குத் தனி வில்லன் தேட வேண்டாம். 1780-ல் ஹைதர் கர்நாடகச் சீமைக்குள் பெரும்படையோடு இறங்கியபோதுதான் கம்பெனியும் நவாபும் தெற்கைக் கவனிக்க முடியாமல் திண்டாடினார்கள்.

பழைய தமிழ் அச்சு நூல், கும்மி, அம்மானை வேண்டுமென்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அதன் மூலச் சேகரிப்பே செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்தது.

எங்கள் வீட்டுப் பரணில் ஓலைக்கட்டு இருக்கிறது. ஜமீன் பெயர் வருகிறது. நானே படிக்கலாமா?

படிக்கலாம், ஆனால் எண்ணெயைத் தொடாதீர்கள். எழுத்துத் தெரியவில்லை என்று தேங்காய் எண்ணெய் தடவினால் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் விருந்து வைத்த மாதிரி. மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, ஏட்டை முழுக்க வளைக்காமல், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் படமெடுங்கள். கீறலின் நிழல் விழுந்து எழுத்துத் தெரியும். ஏட்டு வரிசையைக் கலைக்காதீர்கள்.

படிப்பதில் மூன்று கண்ணி. பழைய ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு இருக்காது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் "பெறு", "பேறு" இரண்டும் ஒரே வடிவம். ஒரு சொல்லை வைத்து ஒரு பரம்பரையையே கட்டுவதற்கு முன், சுவடி படித்துப் பழகிய ஒருவரிடம் காட்டுங்கள்.

தேதி மாற்றுவது எப்படி?

சக ஆண்டோடு 78 கூட்டினால் ஆங்கில ஆண்டு, தை முதல் பங்குனி வரை 79. சக 1694 என்றால் 1772. வருஷப் பெயர் மட்டும் இருந்தால் எச்சரிக்கை: நந்தன 1712-லும் உண்டு, 1772-லும் உண்டு, 1832-லும் உண்டு. ஆட்சியாளர் பெயரை வைத்து எந்தச் சுற்று என்று உறுதி செய்யுங்கள். ராஜராஜன் யாண்டு (ஆட்சியாண்டு) என்றால் 984-ஐக் கூட்டுங்கள்: 29-ஆம் யாண்டு 1013-ல் தொடங்கும்.

உடை?

சோழச் செப்புத் திருமேனிகளைப் பார்த்து அப்படியே உடுத்தாதீர்கள். அது சிற்ப மரபு. மேலே துணி போட்டிருந்தார்களா என்று சண்டை பிடிப்பதைவிட நெசவு, சாயம், நகையின் பெயர்களில் கவனம் செலுத்தலாம். தஞ்சைக் கல்வெட்டுகளில் நகைகள் முத்து எண்ணிக்கை, எடை உட்பட இருக்கின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் 2-ஆம் தொகுதியில் எடுங்கள்.

"இந்தியாவின் முதல் பெண் விடுதலை வீராங்கனை" என்று போடலாமா?

"ஆங்கிலேயக் கம்பெனியை எதிர்த்து" என்று சேர்த்தால் நிற்கும். வெறுமனே "முதல்" என்றால் 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரை எதிர்த்த உள்ளால் அப்பக்கா குறுக்கே வருவார். ஜான்சிக்கு முன்பு என்று சொல்வது சரி, 1857-க்கு 77 ஆண்டு முன்பே சிவகங்கை மீட்கப்பட்டது.

வாள் எடுக்காத ராணியை வைத்து நாவல் நிற்குமா?

எங்களைக் கேட்டால் அவர்கள்தான் நன்றாக நிற்பார்கள். செம்பியன் மாதேவி கணவர் கண்டராதித்தர் இறந்தபின் நாற்பதாண்டுக்கு மேல் வாழ்ந்து, செங்கல் கோயில்களை ஒவ்வொன்றாகக் கற்றளியாக, அதாவது கற்கோயிலாக, மாற்றியவர். கோனேரிராசபுரத்தில் கணவர் லிங்கத்தை வணங்குவதுபோல் சிலை வடித்து, அது யார் என்று கீழே எழுதவும் வைத்தார். கொடும்பாளூர் மூவர் கோயிலில் பூதி விக்கிரமகேசரியின் மனைவியர் கற்றளி, வரகுணை என இருவர். தன் பெயரில் ஒரு கோயில், அவர்கள் பெயரில் ஒவ்வொன்று என்று மன்னன் கட்டினான். கல்லில் அவ்வளவுதான். மூன்றில் இன்று இரண்டு விமானமே நிற்கிறது. மீதியை எழுத உங்களுக்கு யார் தடை?

சிவகங்கையிலேயே இன்னொருவர் காத்துக்கொண்டிருக்கிறார், காத்தம நாச்சியார். 1829-ல் ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அண்ணன் வழியினர் ஜமீனை எடுத்துக்கொண்டார்கள். விதவையரும் மகள்களும் வழக்காடினார்கள். கடைசியில் மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாக 1863-ல் அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது: கூட்டுக் குடும்பமாகவே இருந்தாலும் ஜமீன் கௌரி வல்லபர் தனியாக ஈட்டிய சொத்து, ஆகவே அண்ணன் வழிக்குப் போகாது. முப்பது வருஷத்துக்கு மேல் நடந்த வழக்கு. இந்துச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள், நாவல் எழுதுபவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. வக்கீல், வட்டி, கப்பல் தபால், மதுரைக்கும் சென்னைக்கும் அலைச்சல் என்று செட்டிநாட்டு வாசகருக்குத் தெரிந்த உலகம் அத்தனையும் அதில் இருக்கிறது.

வளரியை நாச்சியார் கையில் கொடுக்கலாமா?

எறிந்து தாக்குகிற வளைந்த ஆயுதம் வளரி. அது சீமையின் ஆயுதம் என்பதில் சந்தேகமில்லை. சின்ன மருதுதான் தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுத் தந்தார் என்று கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830-ல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பின்னால் அதே மருதுவைத் தூக்கில் போட்ட படையில் இருந்தவர் அவர். ஒன்று மட்டும்: வளரி எறிந்தவர் கைக்குத் தானாகத் திரும்பி வருவதாக எழுதாதீர்கள். போருக்கும் வேட்டைக்குமான கனத்த வளரி இலக்கை அடித்து விழுவதற்கானது. கூடவே 1772 துப்பாக்கி, பீரங்கிக் காலம் என்பதையும் மறக்க வேண்டாம்.

குடும்பத்தாரோ சமூகத்தாரோ ஆட்சேபித்தால்?

இறந்தவரைப் பற்றி எதையும் எழுதலாம் என்பது தவறான நம்பிக்கை. அவர் உயிரோடு இருந்தால் பெயர் கெடும்படியாகவும், குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கத்தோடும் எழுதினால் அவதூறாகலாம் என்று குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. காதல், கள்ள உறவு, நஞ்சு, துரோகம் ஆகிய நான்கையும் பெயர் தெரிந்தவர் மேல் சான்றில்லாமல் ஏற்றாதீர்கள். கதைக்குத் துரோகி வேண்டுமென்றால் ஒரு கற்பனை ஆளை உருவாக்கி அவன் தலையில் போடுங்கள். "இது முற்றிலும் கற்பனை" என்ற முதல் பக்க வரி, உள்ளே நிஜப் பெயர்கள் இருக்கையில் பெரிதாகக் காப்பாற்றாது.

பின்னுரையில் என்ன எழுதுவது, எவ்வளவு?

முந்நூறு பக்க நாவலுக்கு மூன்று பக்கம் போதும். எழுதும்போதே ஒரு நோட்டில் கோடு கிழித்து நாலு நெடுவரிசை போட்டுக்கொள்ளுங்கள்: சம்பவம், எங்கே கிடைத்தது, ஆவணமா மரபா நம் கற்பனையா, எந்த அத்தியாயம். எழுதி முடித்தபின் போடலாம் என்று விட்டால் எது நாம் புனைந்தது என்று நமக்கே மறந்துபோகும். இது விளையாட்டில்லை, அப்படி மறந்த கற்பனைகள்தான் அடுத்தவர் நூலில் வரலாறாக ஏறுகின்றன.

பின்னுரையில் முதலில் இடம் மாற்றியவை, பிறகு சுருக்கியவை, பிறகு படைத்த பாத்திரங்கள். தேதியை நகர்த்தியிருந்தால் உண்மைத் தேதியையும் கொடுங்கள். பின்னுரையைக் கடைசியில் வையுங்கள். முன்னால் போட்டால் கதையின் முடிச்சு போய்விடும்.